பவளத்தின் தாய்வழி: கடலூர், புதுச்சேரி, ஐந்து நாள்

நாள் 1, வெள்ளி. கடலூர் முதுநகர்

சேலத்தில் விடியற்காலைப் பேருந்து. பண்ருட்டி வரும்வரை தூக்கம்தான். அங்கே கண் திறந்தால் சாலையோரம் முழுக்கப் பலாப்பழக் குவியல், அந்த வாசனை சன்னல் வழியாக உள்ளே ஏறி நெல்லிக்குப்பம் தாண்டியும் இறங்கவில்லை. மே மாதக் கடைசி, கத்திரி வெயில் இன்னும் விட்டபாடில்லை. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஓ.டி. எனப்படும் முதுநகர் வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. பெரியம்மா மோரோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். வரும் பருவத்தில் பரிணாமப் பாடத்தில் பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்கார வைத்து, கல் பவளங்களின் மைட்டோகாண்ட்ரியா ஜீனோமை, அதாவது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் அந்தச் சின்ன உறுப்பின் டிஎன்ஏ முழுவதையும், வைத்து யார் யாருக்கு உறவு என்று ஒரு மரம் வரையவைக்க வேண்டும் என்று ஆசை. வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும், எங்கே புரிகிறது எங்கே விழிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அக்கா மகள் இப்போதுதான் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், உயிரியல்தான் படிப்பேன் என்கிறாள். அவளைவிட நல்ல ஆள் கிடைக்காது.

"கடலூர்ல ஏதுடி பவளம்? அதுக்கு ராமேஸ்வரம் பக்கம்ல போயிருக்கணும்" என்றார் பெரியம்மா. சரியாகத்தான் சொன்னார். பவளப்பாறை கட்டும் உயிர்கள் பெரும்பாலும் தங்கள் சதைக்குள் ஒரு செல் பாசியைக் குடிவைத்து அது வெயிலில் சமைத்துக் கொடுப்பதைச் சாப்பிடுகிறவை, ஆகவே தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். நம் கரையிலோ தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று அடுத்தடுத்து ஆறுகள் வந்து நன்னீரையும் வண்டலையும் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் அப்படியில்லை. ஆனால் எனக்கு இந்தத் தடவை வேண்டியது பவளத்தின் டிஎன்ஏ எழுத்துகள் மட்டும்தான், அவை ஜென்பேங்க் பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கப்பட்டு மடிக்கணினியிலேயே கூட வந்திருக்கின்றன. உயிருள்ள பவளத்தைத் தொடவே வேண்டியதில்லை, தொடவும் கூடாது: கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

இரவுச் சாப்பாட்டின்போது பெரியம்மா பேத்தியைப் பார்த்து "அப்படியே உங்க சின்னப் பாட்டி சாடை" என்றார். சின்னப் பாட்டி என்றால் என் அம்மா. மூக்கும் நெற்றியும் அப்படித்தான் இருக்கிறது. நான் பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிட்டேன். சாடை என்பது பலரிடமிருந்து கலந்து வருவது, அப்பா பக்கத்திலிருந்தும் வரும், சம்பந்தமே இல்லாத இருவருக்கும் தற்செயலாக ஒரே சாடை அமைந்துவிடும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அப்படியில்லை, வளையமாக இருக்கும் அது தாயின் முட்டை வழியாக மட்டும் இறங்குகிறது. பெரியம்மா, அம்மா, அக்கா, நான், இவள், ஐந்து பேருக்கும் ஒரே வளையம், எங்காவது ஓர் எழுத்து வேண்டுமானால் மாறியிருக்கலாம். பவளத்திலும் அப்படியே, முட்டை வழியாகத்தான். "அப்ப மாமா பசங்களுக்கு?" என்று கேட்டாள். மாமாவிடம் இதே வளையம் உண்டு, ஆனால் அவர் பிள்ளைகளிடம் இருப்பது அத்தையுடையது. பெரியம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப நம்ம அம்மாவோட அம்மா பொன்னேரிக்காரங்க, அவங்களுது தான் இது" என்றார். அதேதான்.

நாள் 2, சனி. துறைமுகம், ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு வளையம்

காலையில் மீன்பிடித் துறைமுகம். தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, சிலதுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், ஃபைபர் படகுகள் மட்டும் போய்வந்து கொஞ்சம் மீன் இறங்குகிறது. நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தோம்.

"கடலுக்கடியில பாறை மாதிரி எதுவும் உண்டாங்கய்யா இந்தப் பக்கம்?"

"பார் இல்லாத கடல் ஏதும்மா. பார் மேல வலை பட்டா கிழிஞ்சிரும், அதனால பார் எங்க எங்க இருக்குன்னு எங்களுக்கு மனப்பாடம். மீனும் அங்கதான் நிக்கும்." அப்புறம் அவராகவே சொன்னார்: "விசிறி மாதிரி ஒண்ணு வரும், செகப்பு, மஞ்சள்னு. அதைக் கையில வச்சிருந்தா கேசு. வந்த கையோட கடல்லயே போட்டுருவோம்."

அது கடல்விசிறி. பவளக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் தூரத்து உறவு. ஒவ்வொரு குட்டி உயிருக்கும் எட்டுக் கைகள். கல் பவளமோ ஆறின் மடங்காகக் கைகள் வைத்திருக்கும் பெரிய கிளையைச் சேர்ந்தது, கடல் சாமந்தியும் அந்தக் கிளைதான். பெரியம்மா விரலில் போட்டிருக்கும் செவ்வாய்க்கான சிவப்புப் பவளக் கல்லும் எட்டுக் கை வகைதான், மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வருவது. ஆக, நாம் காலங்காலமாகப் பவளம் என்று சொல்லி அணிவது ஒன்று, பவளப்பாறையைக் கட்டுவது வேறொன்று. அக்கா மகள் இதைப் பெரியவரிடம் விளக்கிக்கொண்டிருந்தாள், அவரும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மதியம், இங்கே ஒரு கல்லூரியில் வேலைபார்க்கும் தோழி ஆய்வகத்தைத் திறந்துவிட்டாள். பல பத்தாண்டுகளுக்கு முன், சட்டம் வருவதற்கு முன்பே சேர்த்த மாதிரிகள், கண்ணாடி அலமாரியில் தூசி தட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு துண்டுகளை வெளியே எடுத்து அருகருகே வைத்தேன். ஒன்று மான்கொம்புப் பவளம், அக்ரோபோரா. மற்றொன்று பூக்கோசுப் பவளம், போசிலோபோரா. இரண்டும் கிளைவிட்டவை, இரண்டிலும் குட்டிக் குட்டித் துளைகள்.

"ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரியே இருக்கு சித்தி."

அவள் மட்டுமல்ல, எலும்புக்கூட்டை உருப்பெருக்கியில் வைத்து வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வானும் வெல்ஸும் 1943இல் வெளியிட்ட பெரிய வகைப்பாட்டிலும், 1956இல் வெல்ஸ் அதைத் திருத்தி எழுதியபோதும், இவை இரண்டும் ஒரே துணைவரிசையில் பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்களாக இருந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கையில் இருந்தது சுண்ணாம்பு மட்டுமே. அந்தச் சுண்ணாம்போ அலை எவ்வளவு அடிக்கிறது, வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்பதற்கேற்ப ஒரே இனத்திலேயே உருவம் மாறிவிடும்.

1996இல் ஸாண்ட்ரா ரோமானோவும் ஸ்டீபன் பலும்பியும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரே ஒரு மரபணுத் துண்டை, 16எஸ் ஆர்என்ஏ-வுக்கானதை, பல பவளங்களிலிருந்து எடுத்துப் படித்தார்கள். மரம் நடுவில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்துக்குக் காம்ப்ளெக்ஸ் என்றும் இன்னொரு பக்கத்துக்கு ரோபஸ்ட் என்றும் பெயர் வைத்தார்கள். அக்ரோபோரா ஒரு பக்கம், போசிலோபோரா மறு பக்கம். போசிலோபோராவுக்கு நெருக்கம் யார் என்று பார்த்தால் உருண்டையாக, மூளை மாதிரி மடிப்புகளோடு இருக்கும் பவளங்களும், கடல்தரையில் தனியாகக் கிடக்கும் காளான் பவளமும். காம்ப்ளெக்ஸ் பக்கத்தின் எலும்பு பொதுவாகக் கொஞ்சம் நுரைத்தாற்போல் லேசானது, ரோபஸ்ட் பக்கம் கனத்தது. மரம் வந்த பிறகுதான் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு துண்டையும் இரண்டு கையில் ஏந்தி அவள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்த முகத்துக்காகவே நான் இந்தப் பயணம் வரலாம்.

இன்னொரு மாதிரியின் சீட்டில் மையால் "ஃபேவியா" என்று அழகான கையெழுத்து. நானும் கல்லூரியில் அப்படித்தான் படித்தேன். இப்போது நம் கடலில் உள்ளவற்றுக்குப் பெயர் டிப்சாஸ்ட்ரேயா. காரணம் இதுதான்: ஹிரோனோபு ஃபுகாமியும் உடனிருந்தவர்களும் 2004இல், அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் ஒரே பெயரில் வழங்கிய பவளங்களின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும் செல்லின் உட்கருவிலிருந்து ஒரு மரபணுவையும் ஒப்பிட்டார்கள். அட்லாண்டிக்கில் வேறு வேறு குடும்பம் என்று பிரித்து வைத்தவை ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றன, பசிபிக்கில் அதே பெயரோடு இருந்தவை வெகு தொலைவில் இருந்தன. இரு கடலிலும் ஒரே சாடை தனித்தனியாக உருவாகியிருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாகப் புழங்கிய பெயர்கள் அதன் பிறகு மாறின. தோழி அந்தச் சீட்டைக் கிழிக்காமல் பக்கத்திலேயே புதுச் சீட்டு ஒன்றை ஒட்டுவதாகச் சொன்னாள். அதுதான் முறை என்று எனக்கும் படுகிறது.

சரி, இரவு வேலை. மாடியில் பாய் விரித்து மடிக்கணினியைத் திறந்தோம். முதலில் அந்த வளையத்தைச் சுற்றிப் பார்த்தோம். மனிதனின் மைட்டோகாண்ட்ரியா ஜீனோம் 16,569 எழுத்து, 37 மரபணு: புரதத்துக்கு 13, மீதி புரதம் தயாரிக்க உதவும் ஆர்என்ஏ-க்களுக்கு, அதாவது ஆர்ஆர்என்ஏ 2, டிஆர்என்ஏ 22. 2002இல் வெளிவந்த அக்ரோபோரா டெனுயிஸின் வளையம் 18,338 எழுத்து. அதிலும் புரதத்துக்கு அதே 13, ஆர்ஆர்என்ஏ அதே 2. ஆனால் டிஆர்என்ஏ இரண்டே இரண்டு! மற்றதெல்லாம் செல்லின் வேறிடத்திலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வந்தாக வேண்டும்.

அதைவிட வியப்பு என்ஏடி5 என்ற மரபணு. அது நடுவில் அறுந்திருக்கிறது. முதல் பாதி ஓரிடத்தில், பிறகு ஒரு பெரிய இடைச்செருகல், அந்த இடைச்செருகலுக்குள் வேறு 10 புரத மரபணுக்களும் ஒரு ஆர்ஆர்என்ஏ மரபணுவும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, அதற்கப்புறம்தான் என்ஏடி5இன் மறுபாதி. பெரியம்மா கல்யாணக் கதை ஒன்றைத் தொடங்கி நடுவில் பத்துக் குடும்பக் கதையைச் சொல்லிவிட்டு விட்ட இடத்தில் சரியாக வந்து முடிப்பாரே, அப்படி. செல் அந்த நடுப்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு பாதியையும் ஒட்டிக்கொள்கிறது. கடல் சாமந்தியிலும் என்ஏடி5 அறுந்தே இருக்கிறது, அதே மாதிரியான இடைச்செருகல்தான், ஆனால் உள்ளே இருப்பது இரண்டே மரபணு. ஆகவே எழுத்துகளை எண்ணும் முன்பே, எது எதற்குள் இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது என்பதே ஓர் உறவுச் சான்று. ஆழ்கடலில் வெள்ளையாக வளரும் லோஃபீலியா என்ற பவளத்தில் இந்த வரிசை மற்ற கல் பவளங்களிலிருந்து மாறியிருக்கிறது. 2016இல் மரபணு ஆதாரத்தை வைத்து அதன் பேரினப் பெயரையே டெஸ்மோஃபில்லம் என்று மாற்றிவிட்டார்கள்.

அவள் கேட்ட நல்ல கேள்வி: "பவளத்துக்குள்ள பாசி இருக்குன்னீங்களே, அதோட டிஎன்ஏ கலந்துராதா?" கலக்கும். ஒரு துண்டு பவளத்தை அரைத்தால் விலங்கு, பாசி, பாக்டீரியா எல்லாம் சேர்ந்தேதான் வரும். ஆனால் அந்தப் பாசிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் புரத மரபணு மூன்றுதான், அதுவும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும், எழுத்தும் வெகுவாக வேறுபடும். மேலும் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா பிரதிகள் ஏராளம் என்பதால், மேலோட்டமாக வரிசைப்படுத்தினாலே பவளத்தின் வளையம் முழுசாகத் தேறிவிடும். உட்கருவின் ஜீனோமை முழுசாக எடுப்பதற்கு ஆகும் செலவு எங்கே, இது எங்கே. சின்னக் கல்லூரிகளுக்கு இது எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதால்தான் நான் இதைப் பிடித்துத் தொங்குகிறேன்.

நாள் 3, ஞாயிறு. பரங்கிப்பேட்டை

இன்று சுருக்கமாக. பேருந்தில் பரங்கிப்பேட்டை போய் வெள்ளாற்று முகத்துவாரத்தில் நின்றோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் கரையிலேயே இருக்கிறது, ஞாயிறு என்பதால் வெளியிலிருந்து காட்டிவிட்டு வந்தேன். தமிழ்நாட்டில் கடல் உயிரியல் படித்த எத்தனையோ பேருக்கு இந்த ஊர் தாய்வீடு. இவளுக்கும் ஆகலாம்.

படகுத்துறையில் உட்கார்ந்து ஒரு குறையைப் பேசினோம், அதை மறைத்து இந்தப் பாடத்தை நடத்தக் கூடாது. பெரும்பாலான விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வேகமாக மாறும், அதனால்தான் காக்ஸ்1 என்ற மரபணுவின் துண்டை எடுத்து மீன், பறவை, பூச்சி எல்லாவற்றுக்கும் இனம் காட்டும் பார்கோடாக வைத்திருக்கிறார்கள். பவளத்திலும் அதன் சொந்தங்களிலும் இது தலைகீழ், வெகு மெதுவாகத்தான் மாறுகிறது. ஒரே பேரினத்தின் இரண்டு இனங்களை அடுக்கினால் நெடுகிலும் எழுத்து ஒன்றாகவே ஓடும். பழைய பிரிவுகளைப் பார்க்க இந்த நிதானம் உதவுகிறது, நேற்றைய பிரிவுகளை அது காட்டாது. விலக்கும் உண்டு: போசிலோபோராவின் வளையத்தில் இன்ன வேலை என்று சொல்ல முடியாத ஒரு படிப்புச்சட்டம், அதாவது புரதத்துக்கான மரபணு போலத் தெரியும் ஒரு பகுதி, 2007இல் கண்டறியப்பட்டது, அது மட்டும் தாராளமாக மாறுகிறது, அதை வைத்துத்தான் கண்ணுக்குப் பிடிபடாத போசிலோபோரா இனங்களை இப்போது பிரிக்கிறார்கள்.

திரும்பும் வழியில் பொடி இறால் கொஞ்சம் வாங்கினோம். இரவு மின்வெட்டு, வேலை ஓடவில்லை.

நாள் 4, திங்கள். புதுச்சேரி, அரிக்கமேடு, இரண்டு மரங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. போகிற வழியிலேயே இறங்கி அரியாங்குப்பம் பக்கம் அரிக்கமேட்டுக்குப் போனோம். மாமரம், உடைந்த செங்கல் சுவர், ஆற்றங்கரை அமைதி. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம், ரோமாபுரி மட்பாண்டமும் மணிகளும் கிடைத்த இடம். என் மனதில் இருந்தது பெரியம்மாவின் மோதிரம். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம் இந்தியாவுக்கு ஏற்றுமதியானதை அந்தக் காலத்துக் கிரேக்க வணிகக் குறிப்பே பட்டியலில் சொல்கிறது, அது இறங்கியதாகச் சொல்வது மேற்குக் கரைத் துறைமுகங்களில். சங்கத் தமிழில் பவளத்துக்குத் துகிர் என்று பெயர். இரண்டாயிரம் வருடமாக அந்தச் சிவப்பு நமக்குத் தெரியும், அதைக் கட்டிய உயிரின் குடும்பம் தெரிந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது.

கடற்கரைச் சாலையில் ஒரு தோழி வீட்டு மாடியில் தங்கல். காற்று நன்றாக இருந்தது, மின்சாரமும் இருந்தது.

இப்போது முக்கியமான இடம். 24 இனங்களின் வளையங்களை எடுத்திருந்தேன்: காம்ப்ளெக்ஸ் பக்கம் சில, ரோபஸ்ட் பக்கம் சில, கடல் சாமந்தி, அப்புறம் கோராலிமார்ஃப் எனப்படும் உயிர்கள். இந்தக் கடைசி ஆள்தான் வழக்கின் மையம். பார்த்தால் பவளத்தின் குட்டி உயிர் போலவே இருக்கும், ஆனால் சுண்ணாம்புக் கூடு கிடையாது, வெறும் சதை.

13 புரத மரபணுக்களையும் வெட்டியெடுத்து முதலில் அமினோ அமிலமாக, அதாவது புரதத்தின் அலகுகளாக, மொழிபெயர்த்தோம். அவள்தான் செய்தாள். முதல் தடவை வரிசை நடுவே நட்சத்திரக் குறியாக வந்தது, புரதம் பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். "தப்பா இறக்கிட்டோமா சித்தி?" இறக்கியது சரி, அகராதிதான் தப்பு. வழக்கமான மரபுக் குறியீட்டில் டிஜிஏ என்றால் நிறுத்து. பவளத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் அதற்கு டிரிப்டோஃபான் என்று பொருள். குறியீட்டு அட்டவணை 4 என்று மாற்றியதும் நட்சத்திரங்கள் மறைந்தன. வகுப்பில் இந்தத் தவறை எல்லாரும் ஒருமுறை செய்யட்டும் என்று குறித்துக்கொண்டேன், நான் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை.

மாஃப்ட் என்ற மென்பொருளில் வரிசைப்படுத்தி, மரம் வரையும் ஐக்யூ-ட்ரீயில் ஓட்டினோம். அமினோ அமில மரம் வந்தது. கோராலிமார்ஃப்கள் கல் பவளங்களுக்கு நடுவே நுழைந்து காம்ப்ளெக்ஸ் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றன, நம்பகத்தன்மை எண்ணும் உயரமாக. அதாவது இந்த மரத்தை நம்பினால் அவை முன்பு கூடு வைத்திருந்த பவளங்கள், பின்னால் கூட்டைத் தொலைத்துவிட்டன. 2006இல் மோனிகா மெதினாவும் குழுவும் மைட்டோகாண்ட்ரியாப் புரதங்களை வைத்து இதையேதான் சொன்னார்கள், நிர்வாணப் பவளங்கள் என்று பெயரும் வைத்தார்கள். கூடு தொலைந்தது கிரெட்டேசியஸ் காலத்தில், சுமார் 11 கோடியிலிருந்து 13 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலில் கரியமில வாயு அதிகமாக இருந்த சமயம் என்று கணக்கும் போட்டார்கள். கடல் அமிலமாகிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! கூடு கரைந்தாலும் பவளம் வெறும் சதையாகவாவது பிழைத்துக்கொள்ளும், முன்பு ஒருமுறை பிழைத்திருக்கிறது என்று.

அடுத்து அதே மரபணுக்கள், அதே இனங்கள், மொழிபெயர்க்காமல் டிஎன்ஏ எழுத்துகளாகவே. இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. கோராலிமார்ஃப் வெளியே போய்விட்டது. கல் பவளங்கள் எல்லாம் ஒரே குடும்பமாக நின்றன, கோராலிமார்ஃப் பக்கத்து வீடு.

அவள் இரண்டு மரத்தையும் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "ஒரே டேட்டாதானே சித்தி?" ஒரே தரவுதான். மார்செலோ கிடஹாராவும் கூட்டாளிகளும் 2014இல் இன்னும் நிறைய ஜீனோம்களை வைத்து இந்த முரணையே வெளியிட்டார்கள், நம் சின்ன மரமும் அதே வழியில் போயிருக்கிறது. ரோபஸ்ட் பவளங்களின் வளையத்தில் ஏ, டி எழுத்துகள் மற்றவற்றைவிடக் கூடுதல். டிடிடி என்ற மூன்றெழுத்துக்கு ஃபீனைல்அலனின் என்று பொருள், ஆகவே டி பெருகினால் புரதத்திலும் ஃபீனைல்அலனின் பெருகும். அந்தக் கிளையில் டிஎன்ஏ பழுதுபார்ப்பு எங்கோ தளர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இதனால் ரோபஸ்ட் பக்கம் மட்டும் வித்தியாசமாகத் தெரிந்து ஓரமாக ஒதுங்குகிறது, மீதியிருக்கும் காம்ப்ளெக்ஸும் கோராலிமார்ஃபும் ஒன்றாகச் சேர்ந்தது போலத் தோன்றுகிறது. முகச் சாடைக்குப் பதில் எழுத்துச் சாடை, அவ்வளவுதான். கல்லைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு என்ன நடந்ததோ அதுவே நமக்கும் நடக்கலாம், நம்பகத்தன்மை எண் உயரமாக இருந்தாலும் நடக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்றாலும் இதைப் பிள்ளைகளிடம் சொல்லியே ஆக வேண்டும். வகுப்பில் ஒரே மரத்தை மட்டும் வரையவைத்து அனுப்புவது தப்பு, இரண்டையும் ஓட்டிப் பார்த்துத் திகைக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தேன், நான்காக மாற்றிவிட்டேன்.

நாள் 5, செவ்வாய். வழுதாவூர்

கடைசி நாள் முழுக்க வெயிலில். புதுச்சேரிக்கு வடமேற்கே வழுதாவூர், கரசூர், சேதராப்பட்டு வட்டாரம். பார்த்தால் சாதாரணச் செம்மண் காடு, சவுக்கு, முந்திரி, நடுவே தொழிற்பேட்டை. ஆனால் இங்கே அடியில் இருப்பது கிரெட்டேசியஸ் கடலின் தரை. 1840களில் கேயும் கன்லிஃபும் இந்தப் பக்கம் பொறுக்கிய சிப்பி, அம்மோனைட் படிவங்களை 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் லண்டனில் விவரித்து எழுதினார், வழுதாவூர் என்ற பெயர் அன்றிலிருந்து உலகப் புவியியல் நூல்களில் இருக்கிறது. பக்கத்துக் கரசூரில் அதற்கு மேலான பேலியோசீன் அடுக்கு, அதாவது டைனோசர் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லைக்கு இந்தப் பக்கம்.

கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் ஏற நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டோம். "கல்லைப் பாக்கவா வந்தீங்க?" என்று சிரித்தபடி டீ சொல்லியனுப்பினார். மஞ்சளும் வெள்ளையுமாகச் சுண்ணாம்புக் கட்டிகள், உடைத்த பக்கத்தில் சிப்பியின் விளிம்பு வளைந்து தெரிகிறது. சுமார் 7 கோடி வருடத்துச் சிப்பி. அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டோம்.

இங்கே கூட்டிவந்ததற்குக் காரணம் உண்டு. மரம் யாருக்கு யார் நெருக்கம் என்று காட்டும், எப்போது பிரிந்தார்கள் என்று தானாகக் காட்டாது. எழுத்து மாறிய எண்ணிக்கைதான் கையில் இருக்கும். வயது தெரிந்த ஒரு கல் வேண்டும். இந்தக் கிளை குறைந்தது இத்தனை கோடி ஆண்டு பழையது என்று ஒரு படிவம் சொன்னால், அதை ஆணியாக அடித்து மற்றக் கிளைகளின் காலத்தைக் கணக்கிடலாம். கல் பவளங்களின் தெளிவான படிவங்கள் நடு டிரையாசிக்கில், சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றுகின்றன. அதுவும் திடீரென்று, பல வகைகளாக, ஒரே நேரத்தில். அப்படியானால் அதற்கு முன்பே நீண்ட வரலாறு இருந்திருக்க வேண்டும். யாரோஸ்வாவ் ஸ்டோலார்ஸ்கியும் குழுவும் 2011இல், ஆழ்கடலில் பாசியின் துணையில்லாமல் வாழும் கார்டினேரியா, மைக்ரபேசியா குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, அவை காம்ப்ளெக்ஸும் ரோபஸ்டும் பிரிவதற்கு முன்பே கிளைவிட்டிருந்தது தெரிந்தது. அந்த ஆழ்கடல் குடும்பங்கள் கிளைவிட்டதற்கு அவர்கள் போட்ட காலம் சுமார் 42.5 கோடி ஆண்டு. இடையில் பதினெட்டுக் கோடி ஆண்டுக்கு மேல் கல்லில் ஏறக்குறைய மௌனம். வெளிச்சமுள்ள பாறைப் பவளங்களை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

சாலைக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள், "அப்ப எது சரி? கூட்டைத் தொலைச்சதா, இல்லவே இல்லியா?" 2016இல் மெய்-ஃபாங் லின்னும் உடனிருந்தவர்களும் உட்கரு மரபணுக்களின் ஆர்என்ஏ தொகுப்பை வைத்துப் பெரிய மரம் போட்டார்கள். கல் பவளங்கள் தனிக் குடும்பம், கோராலிமார்ஃப் நிர்வாணப் பவளம் இல்லை என்று வந்தது. எனக்கு அந்த மரத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது. அந்த ஆறுதல் போனதில் வருத்தமும் இருக்கிறது. கூடு இல்லாமல் பிழைத்ததற்கு அந்த வழியில் சான்று இல்லை என்றால், இப்போது இருக்கும் கூட்டை நாம் காப்பாற்றுவது இன்னும் அவசரமாகிறது. 2016இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தபோது தூத்துக்குடியில் இருந்தேன், அந்த வெள்ளையை மறக்க முடியவில்லை.

மாலை ஐந்து மணிக்குப் புதுச்சேரி நிலையத்தில் அவளைக் கடலூர் பேருந்தில் ஏற்றிவிட்டு நான் சேலம் வண்டிக்குக் காத்திருக்கிறேன், அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன். கோப்புகள் முழுக்க ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். சன்னல் வழியாகத் தலையை நீட்டி, பாட்டியின் மோதிரப் பவளத்தின் வளையமும் ஜென்பேங்கில் இருக்குமா என்று கேட்டாள். இருக்கிறது, கொராலியம் என்று தேடு, அதில் பழுதுபார்க்கும் மரபணு மாதிரி ஒன்று, எம்யூடிஎஸ், கூடுதலாகவும் இருக்கும் என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க வெளிப்பக்கத் தூரத்து உறவுக் கிளையாக அதைச் சேர்த்து இன்றிரவே இரண்டு மரத்தையும் திரும்ப ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். பேருந்து அதற்குள் நகர்ந்துவிட்டது, அட்டவணை 4 என்பதை மறக்காதே என்று நான் கத்தியது காதில் விழுந்ததா தெரியவில்லை.